சிறு மூடி, பெரிய செலவு



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் பெரியோர் வாக்கு. தேர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், வடம் பிடிக்க எத்தனை பேர் நின்றாலும், சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் அந்தச் சிறு ஆணி இல்லையென்றால் தேர் நிலையைவிட்டு நகராது. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் மங்கைத் தாங்கி நிற்கும் கம்பி கழன்று விழுந்துவிட்டால், அந்த மரத்தின் அன்றைய பால் முழுவதும் வேரில் வழிந்து போவதை நாம் பார்த்திருக்கிறோம். கம்பியின் விலை என்ன? வீணான பாலின் விலை என்ன?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இப்படிப்பட்டதுதான். நம் வீடுகளில் இருக்கும் கேமராவின் சிறு சிறு உறுப்புகள், அவற்றின் மூடிகள், திருகுகள், வளையங்கள் ஆகியவை தொலைந்துபோனால் என்ன செய்வது, கடையில் கேட்கும் விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்பதைப் பற்றிப் பார்ப்போம்.

இப்பொழுது எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறதே, கேமரா எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆனால் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று போய்ப் படம் எடுத்து, அதனால் வரும் சிறு வருமானத்தைக் குடும்பத்துக்குக் கொடுக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அப்பா வாங்கி வைத்த பழைய பிலிம் கேமராவை அலமாரியில் இருந்து எடுத்துத் துடைத்து, மறுபடியும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும் இளைஞர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் இந்தப் பேச்சு பயன்படும்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலில் சொல்கிறோம். 2009ஆம் ஆண்டு, ஒரு தோட்டத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா நடந்தது. தோட்டம் கைமாறிவிட்டது. லயன் வீடுகளை இடிக்கப் போகிறார்கள், கோயிலும் வேறு இடத்துக்குப் போகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மண்ணில் நடக்கும் கடைசித் திருவிழா அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பால் வெட்டிய பாட்டி ஒருவர், இந்த ஒரு தடவை நானும் பால்குடம் எடுக்கிறேன் என்று விரதம் இருந்தார். அவருடைய பேரன், தாயார் கூட்டுக் கட்டி எடுத்துக் கொடுத்த பணத்தில், பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தான்.

திருவிழாவுக்கு இரண்டு நாளுக்கு முன், கேமராவின் அடியில் இருக்கும் பேட்டரி மூடி எங்கோ கழன்று விழுந்துவிட்டது. வீட்டு வாசலிலும் சடக்கிலும் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. மூடி இல்லாமல் கேமரா உயிர் பெறவே இல்லை. பையன் பட்டணத்துக்கு ஓடினான். முதல் கடையில் அவசரப்பட்டு வேறொரு கேமராவின் மூடியை வாங்கி வந்தான், அது பொருந்தவில்லை. இரண்டாம் கடையில், அசல் மூடியைத் தருவித்துத்தான் கொடுக்க முடியும், மூன்று வாரம் ஆகும் என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார்கள். அதைக் கேட்ட தாயார், "தம்பி, ரெண்டு நாள் கூலிப்பா அது! இத்தனூண்டு பிளாஸ்டிக்குக்கா?" என்றார். "மூடி இல்லாட்டி கேமரா வேலை செய்யாதும்மா" என்று பையன் அழாத குறையாகச் சொன்னான். பணத்தைக் கட்டினார்கள்.

மூடி வந்து சேர்ந்தபோது திருவிழா முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கைப்பேசியில் யாரோ எடுத்த ஒன்றிரண்டு படங்களில் பாட்டியின் முகம் தெரியவில்லை. இருட்டில் ஒரு நிழல்தான் தெரிந்தது. அடுத்த திருவிழாவுக்குப் பாட்டி இல்லை. அந்த லயனும் இல்லை.

இதில் வருத்தத்திற்குரியது என்னவென்றால், அன்றைய தேவைக்கு ஒரு தீக்குச்சித் துண்டும் கொஞ்சம் ஒட்டுநாடாவும் போதுமாயிருந்தது. அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறோம். தெரிந்திருந்தால் படமும் கிடைத்திருக்கும். அவசரத்தில் வாங்கிய தவறான மூடியின் பணமும் மிஞ்சியிருக்கும்.

இனி, ஏன் இவ்வளவு விலை என்று பார்ப்போம். ஒரு மூடிக்கு ஆகும் பிளாஸ்டிக்கின் விலை சில காசுதான். ஆனால் நாம் கொடுப்பது பிளாஸ்டிக்கின் விலை அல்ல. அந்த மூடிக்கென்று அச்சு செய்த செலவு, அதைப் பல ஆண்டுகள் கிடங்கில் வைத்திருந்த செலவு, வெளிநாட்டிலிருந்து அனுப்பிய செலவு, இடையில் கைமாறிய ஒவ்வொருவரின் இலாபம், இவை எல்லாம் சேர்ந்து அந்தச் சிறு பொருளின் தலையில் ஏறுகின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். இன்னொரு காரணமும் உண்டு. தொலைத்தவனுக்கு அது உடனே வேண்டும். வேறு வழியும் தெரியாது. அவசரமும் அறியாமையும் சேர்ந்த இடத்தில் விலை ஏறத்தான் செய்யும். அவசரத்தை நாம் எப்பொழுதும் தவிர்க்க முடியாது, அறியாமையைத் தவிர்க்கலாம்.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தொலைந்த உறுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான். இவற்றை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, ஏறக்குறைய எல்லாக் கேமராவுக்கும் பொதுவானவை. கேமராவை முக்காலியில் பொருத்தும் திருகு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் குறுக்களவு கால் அங்குலம். ஓர் அங்குல நீளத்தில் 20 புரிகள் இருக்கும். எந்த நிறுவனத்தின் கேமராவாக இருந்தாலும் பெரும்பாலும் இதே அளவுதான். கேமராவுக்கென்று தனியாக விற்கும் திருகு விலை அதிகம் என்றால், இரும்புச் சாமான் கடையில் இதே அளவுத் திருகைக் கேட்டு வாங்கலாம். ஆனால் நீளத்தைக் கவனிக்க வேண்டும். நீளம் கூடிய திருகை அழுத்தி முறுக்கினால் கேமராவின் உள்பக்கம் பழுதாகிவிடும். பழைய திருகு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததோ அவ்வளவுதான் இருக்க வேண்டும். மேலே பிளாஷ் விளக்கு மாட்டும் இடத்தை மூடும் சிறு தகடும் இவ்வகைதான். பெரும்பாலான கேமராக்களுக்கு ஒரே அளவு பொருந்தும். அது இல்லாவிட்டாலும் படம் எடுப்பது தடைபடாது. தூசியும் ஈரமும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் வகை, அளவு தெரிந்தால் எந்தக் கடையிலும் வாங்கக்கூடியவை. லென்சின் முன்மூடி இவ்வகை. அதிகம் தொலைவதும் இதுதான். இதற்கு நிறுவனத்தின் பெயர் முக்கியமல்ல. வாயின் அளவுதான் முக்கியம். லென்சின் முன்விளிம்பிலோ பழைய மூடியின் உட்புறத்திலோ, ஒரு வட்டத்தைக் குறுக்கே கோடு வெட்டியது போன்ற அடையாளமும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 49, 52, 55, 58, 67, 77 என்பவை அடிக்கடி காணப்படும் எண்கள். இவை மில்லிமீட்டர் கணக்கு. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். லென்சில் 50 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 50 அளவு மூடி கேட்கிறார்கள். அந்த எண் லென்சின் குவியத்தூரத்தைக் குறிப்பது. மூடியின் அளவு அல்ல. கெனான் நிறுவனத்தின் டிஜிட்டல் கேமராக்களோடு வந்த 18-55 லென்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு 58 அளவு மூடி வேண்டும். நிக்கானின் பழைய கையியக்க லென்சுகளில் பலவற்றுக்கு 52 அளவு. அளவு சரியாக இருந்தால், நிறுவனத்தின் பெயர் பொறிக்காத சாதாரண மூடி, பெயர் பொறித்த மூடியைப் போலவே லென்சைக் காக்கும். பெயருக்காகப் பல மடங்கு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாம் வகை, லென்சும் கேமராவும் இணையும் வாய்க்குரிய மூடிகள். லென்சின் பின்மூடி, லென்சைக் கழற்றிய பின் கேமராவின் வாயை மூடும் மூடி ஆகியவை இவை. இவற்றை அளவு சொல்லி வாங்க முடியாது. இணைப்பு முறையின் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். நிக்கானின் எஃப் இணைப்பு 1959ஆம் ஆண்டிலும், கெனானின் ஈஎஃப் இணைப்பு 1987ஆம் ஆண்டிலும் வந்தவை. ஒன்றின் மூடி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆனால் ஓர் இணைப்பு முறையில் வந்த லென்சுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே பின்மூடி போதும். மற்ற நிறுவனங்கள் செய்யும் மூடிகளும் குறைந்த விலையில் கிடைக்கும்.

நான்காம் வகைதான் நம்மைச் சிரமப்படுத்துவது. குறிப்பிட்ட ஒரு மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் உறுப்புகள் இவை. பேட்டரி மூடி, நினைவட்டை மூடி, கம்பி செருகும் துவாரங்களை மூடும் ரப்பர் மடல் ஆகியவை இதில் அடங்கும். கண் வைத்துப் பார்க்கும் இடத்து ரப்பர் வளையம் சில சமயம் நான்கைந்து மாதிரிகளுக்குப் பொதுவாக இருக்கும். இவற்றை வாங்கும்போது கேமராவின் முழுப் பெயரையும் மாதிரி எண்ணையும், ஓர் எழுத்துகூட விடாமல், தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். முடிந்தால் கேமராவையே கொண்டு போய்க் கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. பழுதாகி ஓடாத அதே மாதிரிக் கேமரா ஒன்று, பழைய பொருள் விற்பவரிடம் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். அதிலிருந்து மூடி, ரப்பர், வளையம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். பழைய மிதிவண்டியிலிருந்து உறுப்பு எடுத்து இன்னொரு மிதிவண்டியை ஓட வைத்தவர்கள் நாம், இதுவும் அப்படித்தான்.

பழைய பிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1976ஆம் ஆண்டில் வந்த கெனான் ஏஈ-1 கேமராவின் பேட்டரி மூடி உடைந்துபோவது பலர் கண்ட அனுபவம். அந்தக் கேமராவுக்குப் பேட்டரி இல்லாமல் ஷட்டர் இயங்காது. அதே ஆண்டில் வந்த பென்டாக்ஸ் கே1000 போன்ற இயந்திர முறைக் கேமராவில், பேட்டரி மூடி தொலைந்தால் ஒளிமானி மட்டும்தான் நின்றுபோகும். ஒளியைக் கணித்துப் படம் எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே மூடி தொலைந்தவுடன் கேமராவே போய்விட்டது என்று எண்ணி, அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டாம்.

சரி, நாளைக் காலை கல்யாணம், இன்று மாலை மூடி தொலைந்துவிட்டது என்றால் என்ன செய்வது? பல டிஜிட்டல் கேமராக்களில், பேட்டரி மூடியின் உட்புறம் ஒரு சிறு முனை இருக்கும். மூடியை மூடும்போது, அந்த முனை உள்ளே இருக்கும் ஒரு சிறு விசையை அழுத்தும். விசை அழுந்தியிருந்தால்தான் கேமரா இயங்கும். பேட்டரியைப் பிடித்துக்கொள்ள அநேகமாக வேறொரு கொக்கி உள்ளேயே இருக்கும். மூடி தொலைந்தால், விளிம்பில் அந்தச் சிறு விசை எங்கே இருக்கிறது என்று பார்த்து, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை அளவாக ஒடித்து, விசை மெதுவாக அழுந்தும்படி வைத்து, மேலே ஒட்டுநாடா போட்டால் கேமரா உயிர் பெறும். உலோகக் கம்பியையோ ஊசியையோ வைக்கக்கூடாது. பேட்டரியின் முனைகளில் பட்டால் ஆபத்து. இது ஒரு நாள் சமாளிப்புதான். நல்ல மூடி வரும்வரை மழையும் வியர்வையும் அங்கே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லென்சின் முன்மூடி தொலைந்தால், சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் சிறு பை தைத்து, லென்சின்மேல் மாட்டி வைக்கலாம். வீட்டில் தையல் தெரிந்தவர்களுக்குக் கால் மணி நேர வேலை. பொருத்தமான அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியைக் கழுவிக் காயவைத்து, உட்புறம் துணி ஒட்டியும் பயன்படுத்தலாம். ஆனால் பின்மூடிக்கு இந்தக் கைவேலை வேண்டாம்; நூலும் தூசியும் கேமராவுக்குள் போய்விடும். தோள்வாரை மாட்டும் வளையம் தொலைந்தால், மெல்லிய சாவிவளையத்தைப் போட்டுச் சமாளிப்பதும் வேண்டாம். பாரம் தாங்காமல் அது விரிந்துகொடுத்தால், வளையத்தில் மிச்சம் பிடித்த காசு கேமராவோடு தரையில் போய்விடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். பிளாஷ் விளக்கு உள்ள கேமராவை யாரும் வீட்டில் திறந்து பார்க்கக்கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும், உள்ளே ஒரு மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும். வெளியே இருக்கும் மூடியை மாற்றுவது நம் வேலை. உள்ளே கைவைப்பது தெரிந்தவர் வேலை.

இரண்டாவது, குழந்தைகளைப் பற்றியது. பழைய கேமராக்களிலும், தூரத்திலிருந்து கேமராவை இயக்கும் கைக்கருவிகளிலும், பொத்தான் போன்ற சிறு பேட்டரி இருக்கும். மூடி தொலைந்தால் அந்தப் பேட்டரி கீழே விழும். தவழும் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். அது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம், உயிருக்கும் ஆபத்து. அப்படி நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மூடி தொலைந்த கருவியிலிருந்து முதல் வேலையாகப் பேட்டரியை எடுத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடுத்து, நமக்குள்ள உரிமை. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 37ஆம் பிரிவின்படி, ஒரு பொருளை விற்றபின், நியாயமான காலம்வரை அதைப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரி உறுப்புகளும் கிடைக்கச் செய்ய, தயாரித்தவரும் விற்றவரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். உதிரி உறுப்புகள் கிடைக்காது என்று வாங்கும்போதே அறிவித்திருந்தால் இது பொருந்தாது. ஆகவே புதிய கேமரா வாங்கும்போதே, "இதற்கு மூடி, பேட்டரி எல்லாம் தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அசல் என்று சொல்லிப் போலியைக் கொடுத்தாலோ, பொருந்தும் என்று சொல்லிப் பொருந்தாததைக் கொடுத்தாலோ, சும்மா இருந்துவிட வேண்டியதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா, இத்தகைய வழக்குகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. 50,000 வெள்ளிவரை உள்ள கோரிக்கையை, மூன்று ஆண்டுக்குள் கொண்டு போகலாம். இது சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்கிய பொருள்களுக்கு உரியது. தொழிலுக்கென்று வாங்கியவற்றுக்குப் பொருந்தாது. எப்படியிருந்தாலும் ரசீது முக்கியம். பத்து வெள்ளிப் பொருளாக இருந்தாலும் ரசீதைக் கேட்டு வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டும்.

கடைசியாக, தொலையாமல் காப்பது எப்படி? மூடியைக் கழற்றியவுடன் வைப்பதற்கு ஓர் இடம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். வலது பக்கச் சட்டைப் பை என்றால் எப்பொழுதும் அதே பைதான். அகலமான வாயுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கேமராப் பைக்குள் வைத்து, எல்லாச் சிறு உறுப்புகளும் அதற்குள்தான் என்று பழகலாம். பேட்டரி மூடியின் கீல் தளர்ந்திருப்பது தெரிந்தால், விழும்வரை காத்திருக்காமல் ஒட்டுநாடா போட வேண்டும். அடிக்கடி தொலையும் முன்மூடியில், விலை மலிவான ஒன்றை உபரியாக வாங்கி வைப்பது வீண்செலவு அல்ல. தொழிலாகப் படம் எடுப்பவர்கள், முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே எல்லா உறுப்புகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூடி போட்டுவிட்டால் மட்டும் லென்சு பிழைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால், லென்சில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளைச் சிறு பையில் கட்டிப் போட்டு, அதில் கேமராவை வையுங்கள். நீல மணிகள் வெளுத்துச் சிவந்த நிறமானால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். உலர்த்தியோ மாற்றியோ போட வேண்டும்.

நேயர்களே, அந்தப் பாட்டியின் பேரன் இன்றும் படம் எடுக்கிறான். அவனுடைய பையில் ஒரு டப்பா இருக்கிறது. அதில் இரண்டு மூடிகள், ஒரு திருகு, சுருட்டிய ஒட்டுநாடா, ஒரு தீக்குச்சி ஆகியவை இருக்கும். எல்லாம் சேர்த்தாலும் பெரிய விலை இல்லை. அவன் எங்கே படம் எடுக்கப் போனாலும், முதலில் அங்குள்ள வயதானவர்களை உட்கார வைத்து எடுத்துவிடுகிறான். தோட்டங்கள் கைமாறலாம், லயன்கள் மறையலாம். அங்கே வாழ்ந்தவர்களின் முகம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சிறு மூடி தடையாக இருக்கலாகாது. உங்கள் வீட்டில் கேமரா இருந்தால், இன்று மாலையே அதை எடுத்து, எந்தெந்த உறுப்பு இருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.